மணலுக்குப் பழகிய கை

ஆஸ்பத்திரியில் சேர்ந்த நான்காம் நாள் காலையில் என் கட்டிலருகே இருந்தவர்கள் இவர்கள். என் வீட்டுக்காரி. அவள் தம்பி. நான் வேலை பார்த்த தானிய மண்டியின் முதலாளி. அடுத்த கட்டிலில், தோல் கிடங்கில் வேலை பார்த்த பாய். வார்டு நர்ஸ் அம்மா. கடைசியாக நான், மல்லாந்து படுத்தபடி.

மண்டியில் படி அளப்பது என் வேலை. அப்போது கிலோ வரவில்லை. அளந்துகொண்டிருந்தபோதே விழுந்தேன். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாயும் கோணியது. பாரிசவாயு என்றார் டாக்டர்.

"பேச்சு வர நாளாகும்னு டாக்டர் சொல்றாரு," என்று முதலாளியிடம் சொன்னாள் வீட்டுக்காரி. "முன்ன மட்டும் என்னத்தப் பேசுனாருன்னு கேட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி முகம்தான் சிரித்தது.

முதலாளி சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"தையில சோளம் வந்துரும். அதுக்குள்ள கை வந்துருச்சுன்னா ஒன் எடம் ஒனக்கு. இல்லையின்னா எரியோட்டுலருந்து ஒருத்தன் இந்த எடத்தக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

அது புரட்டாசி. கையில் நான்கு மாதம் இருந்தது.

இடது கையால் அளந்தால் என்ன என்று கேட்கலாம். முதல் படி இடது கையால் விழுந்தால் வெள்ளாமைக்காரர் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அவர்மேல் குற்றம் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். இதை இடது கையால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு யாரும் தோஷம் சொல்லவில்லை.

பாய்க்கு இடது பக்கம் விழுந்திருந்தது.

"தம்பி, ஒனக்கு வலது போச்சு, எனக்கு இடது போச்சு. ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுனா முழுசா ஒரு ஆளு தேறும்," என்பார்.

"வாய் ரெண்டாயிருமே பாய், அம்புட்டுச் சோத்துக்கு எங்க போறது?" என்பாள் வீட்டுக்காரி.

காலையில் சட்டைப் பொத்தானை இருவரும் சேர்ந்து போடுவோம். அவர் வலது கை, என் இடது கை. அதற்கே கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள் நர்ஸ் அம்மா பார்த்துவிட்டார்.

"நல்ல கையவே வேலை வாங்குனா, போன கை எப்ப வரும் அப்பு? அது சொகமாப் படுத்துக்கிரும்."

கட்டுத்துணியை எடுத்து என் இடது கையைக் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார். தினமும் ஒரு மணி நேரம் அப்படித்தான். கை கால் பழக்கிவிடத் தனி ஆள் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. அவர்தான் எல்லாம். ஈரத் துண்டைப் பிழியச் சொன்னார். பிறகு, "ஒனக்கு என்ன வேல தெரியும்?" என்று கேட்டார்.

படி அளப்பது என்று எனக்காக வீட்டுக்காரி சொன்னாள். மைத்துனன் மண்டியிலிருந்து ஒரு படியைக் கொண்டுவந்தான். தீ அணைக்க வார்டு வாசலில் தொங்கிய மணல் வாளியை நர்ஸ் அம்மா இறக்கிக் கொடுத்தார். அந்த வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு மணலை அளக்க வேண்டும். முதல் வாரம் கையால் படியைப் பிடிக்கவே முடியவில்லை. இரண்டாம் மாதம் பிடித்தது. பாய் படுத்தபடியே எண்ணுவார். வேண்டுமென்றே தப்பாக எண்ணுவார். அதைத் திருத்தப் போய்த்தான் எனக்குப் பேச்சு வந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட வாய் வரவில்லை. இருபது வரை எண்ண வந்தது.

"அந்த இருபதுக்குள்ள எங்கயாச்சும் நான் இருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள் அவள்.

கார்த்திகைக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மணல் வேலை வீட்டிலும் நடந்தது. மார்கழி முடிவதற்குள் ஒரு வாளி மணலைச் சிந்தாமல் மாற்றினேன். கை வந்துவிட்டது என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினேன்.

தையில் தாடிக்கொம்புப் பக்கத்து வெள்ளாமைக்காரர் ஒருவரின் சோளம் வந்தது. கம்பு ஊன்றிப் போனேன். மைத்துனன் கூட வந்தான். எரியோட்டு ஆளும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். முதலாளி சோளக் குவியலுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

முதல் படியை ஒன்று என்று எண்ணுவது எங்கள் வழக்கம் இல்லை. லாபம் என்போம். "லாபம்" என்று சொல்லிப் படியைக் குவியலில் குத்தி எடுத்தேன். கை விர்ரென்று மேலே போய்விட்டது. மணலின் கனத்துக்குப் பழகிய கை. சோளம் அதில் பாதிகூட இருக்காது. அதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு படிச் சோளமும் முதலாளியின் தலையிலும் மடியிலும் கொட்டியது.

"அளக்கச் சொன்னா வெதைக்கிறாரே," என்றார் வெள்ளாமைக்காரர்.

"நல்ல நெலமாப் பாத்துத்தான் வெதைச்சிருக்காரு," என்றான் மைத்துனன்.

முதலாளி சிரிக்கவில்லை. தலையைத் தட்டிக்கொண்டு எரியோட்டு ஆளைப் பார்த்தார். அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

நான் மறுபடி படியைக் குத்தினேன். இந்தத் தடவை இடது கையால் வலது மணிக்கட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கை மேலே பறக்கவில்லை. சோளமும் சிந்தவில்லை. ஆனால் எல்லாருடைய கண்ணும் அந்த இடது கைமேல்தான் இருந்தது.

"இது எந்தக் கைக் கணக்கு?" என்று கேட்டார் முதலாளி.

வெள்ளாமைக்காரர் குனிந்து இரண்டு கையையும் பார்த்தார்.

"பிடிக்கிறது வலதுதான். இது சும்மா கூட வருது. வந்தா வந்துட்டுப் போகட்டும். படியத் தொடாம இருந்தாச் சரி."

"தொடாது," என்றேன்.

"அப்ப போடுங்க. மொதல்லருந்து லாபம் சொல்லுங்க. தலையில போட்டது சேத்தி இல்ல."

முதலாளி அங்கேயே முடிவு சொன்னார். பெரிய பாரம் எரியோட்டு ஆளுக்கு. சிறு வெள்ளாமை எனக்கு. மண்டிக்குக் கிலோ வந்து படி ஓய்கிறவரை அப்படியே நடந்தது. பாயும் இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

விழுவதற்கு முன்பு ஒரு நாளைக்கு ஆயிரம் படிக்குக் குறையாமல் அளப்பேன். தையில் அந்த முதல் நாள் பொழுது சாய்கிறவரை அளந்தது அறுபத்து மூன்று படி.