திங்கட்கிழமைத் தலை

சுருட்டைக்கு அந்தப் பெயரை வைத்தது பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள். வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அண்ணன். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனும் அதையே பிடித்துக்கொண்டான். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவுக்குத் துணை மேனேஜர், நாற்பதைத் தாண்டியவள், அவள் கையெழுத்துக்காக ஒரு கூட்டமே காத்திருக்கும். ஆனாலும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் அவள் சுருட்டைதான். பெயருக்கு ஏற்ற தலை. கொஞ்சம் ஈரக் காற்று பட்டால் போதும், இரண்டு பக்கமும் எழுந்து நின்றுகொள்ளும். "நீ உள்ள வர்றதுக்கு முன்னாடி உன் முடி வந்துடுது" என்பான் புருஷன்.

அவன் கணக்கு வாத்தியார். அந்த வீட்டில் எதையும் சும்மா வாங்கிவிட முடியாது. திங்கட்கிழமைதோறும் ஆபீஸ் போகிற வழியில் பார்லருக்குள் நுழைந்து, முடியைச் சூடு காட்டி நேராக்கும் ப்ளோ ட்ரை செய்துகொள்ளும் பழக்கத்தை அவள் ஆரம்பித்தபோது, முதல் வருஷம் அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வருஷம் திறந்துவிட்டான்.

"வருஷத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் உன் தலையில ஏறி உக்காருது, தெரியுமா?"

"உக்காரட்டும். கனமா ஒண்ணும் தெரியல."

"மறுநாளே மழை பேஞ்சா ஃப்ரிட்ஜும் போச்சு."

"நான் சம்பாதிக்கிறேன், நான் செலவு பண்றேன்."

"பண்ணு, யாரு வேண்டாங்கறா. பிரயோஜனம் இருக்கான்னுதான் கேக்குறேன்."

பிரயோஜனம் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் விஷயம். பழக்கம் வந்த கதையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு எரிச்சல்தான் வரும். க்ளெய்ம் பிரிவுக்கு மேனேஜர் பதவி முன்பு ஒருமுறை காலியானது. டைரக்டர்கள் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். சுருட்டை பேசினாள். கிடைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்குப் போய்விட்டது. ஏன் என்று விசாரித்தபோது பர்சனல் ஆபீசர் ரொம்ப நயமாக, "வேலையில ஒரு குறையும் இல்ல மேடம். பிரசன்டேஷனைத்தான் கொஞ்சம் கவனிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சைச் சொன்னாரா, தோற்றத்தைச் சொன்னாரா? திரும்பக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். மழை நாள் அது. தலை தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. முடிவே பண்ணிவிட்டாள், தலைதான் காரணம் என்று. பதவி கிடைத்த அந்த மனுஷரின் தலையைப் பற்றி யாராவது யோசித்திருப்பார்களா? அவருக்கு இருந்ததே கொஞ்சம், அதையும் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வருவார். இந்தச் செலவெல்லாம் அவருக்குக் கிடையாது. அதை நினைத்தால் சுருட்டைக்கு வயிறு எரியும், ஆனாலும் திங்கட்கிழமை போய் உட்கார்ந்துவிடுவாள்.

பார்லர் ஒரு மருந்துக்கடையின் மாடியில். மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி. அங்கே வேலை பார்க்கும் இரண்டு பேரில் சுருட்டைக்குச் செய்துவிடும் பெண்ணுக்கு முப்பது இருக்கலாம், கலகலப்பானவள், யார் வந்தாலும் அக்கா. முடியை அலசி, துண்டால் ஒற்றி, பாகம் பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, உருண்டை பிரஷில் ஒவ்வொன்றாகச் சுற்றி இழுத்துக்கொண்டே டிரையரைக் காட்டுவாள். டிரையர் ஓட ஆரம்பித்தால் இடி விழுந்தாலும் கேட்காது. ஃபோன் அடித்தாலும் எடுக்க முடியாது. வீட்டிலும் ஆபீஸிலும் யாராவது ஒருவர் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும் பிழைப்பில், அந்த அரைமணி நேரத்தில் ஒருவரும் அவளைக் கூப்பிட முடியாது.

அந்தச் சத்தத்தின் மறைவில் சுருட்டை பேசப் பழகினாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீஸில் மீட்டிங். அதில் சொல்ல வேண்டியதையெல்லாம் கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டே சொல்லிப் பார்ப்பாள். "தப்பா நினைக்காதீங்க சார், போன மாசத்து க்ளெய்ம்ல பாதி இன்னும் அப்படியே கிடக்கு. தப்பா நினைக்காதீங்க, சின்னக் கடைக்காரங்களை ஒரு வருஷம் அலைய விட்டா அடுத்த வருஷம் நம்மகிட்ட வர மாட்டாங்க." க்ளெய்ம் பிரிவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வாயில் வருகிற முதல் சொல் இந்தத் 'தப்பா நினைக்காதீங்க'தான். கடை எரிந்துபோய் வந்து நிற்பவனிடம் பணம் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, வேறு எப்படித்தான் ஆரம்பிப்பார்கள்? மீட்டிங் விஷயம் முடிந்தால் மேனேஜரிடம் நேரில் சொல்ல முடியாத நாலு வார்த்தையும் சொல்வாள். சில நாள் புருஷனுக்கும் மாமியாருக்கும் பங்கு கிடைக்கும். பின்னால் நிற்கும் பெண் பிரஷைச் சுழற்றியபடி தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். முடியை இழுக்கிற வேகத்தில் தலை ஆடுகிறது என்று சுருட்டை நினைத்தாள். எதுவானால் என்ன, கண்ணாடியில் ஒரு முகம் ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தால் பேச்சு தடையில்லாமல் வந்தது. அங்கிருந்து இறங்கி ஆபீஸுக்குள் நுழைந்தால் நன்றாகவே பேசினாள். தலை செய்கிற வேலை என்று நம்பினாள்.

கல்யாண நாளுக்குப் புருஷன் ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே சூடேறும் பிரஷ். வீட்டிலேயே முடியை நேராக்கிக்கொள்ளலாம். "ஃப்ரிட்ஜை மிச்சம் பிடிச்சாச்சு" என்றான், முகமெல்லாம் பல்லாக. கோபம் வந்தாலும் ஒரு வாரம் செய்து பார்த்தாள். கையில் ஒருதரம் சூடு வைத்துக்கொண்டாள், மற்றபடி குறை சொல்ல முடியவில்லை. ஆபீஸில் ஒரு ஈ காக்கைக்குக் கூட வித்தியாசம் தெரியவில்லை. அவன் ஜெயித்துவிட்டான். பார்லரை நிறுத்திவிட்டாள்.

கேளுங்கள் கூத்தை. தலை அதே தலை, ஆனால் திங்கட்கிழமை மீட்டிங்கில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பாதியில் குரல் இறங்கிவிடும். சொல்ல வந்ததை மென்று விழுங்குவாள். அவள் கைபிடித்து வேலை கற்றுக்கொடுத்த ஒருவன், பிரிவே அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடும், அந்தத் தம்பி அவள் விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டு மணி மணியாகப் பேசி முடித்தான். நல்லவன்தான், அவன்மேல் தப்பு இல்லை. வீட்டில் பாத்ரூமுக்குள் நின்று சொல்லிப் பார்த்தாள். புருஷன் கதவைத் தட்டி, "உள்ள யாரு கூட பேசிட்டிருக்க?" என்றான். அதோடு சரி.

இப்படி இருக்கும்போதுதான், அன்றைக்கு அவளைத் தாண்டிப் பதவிக்கு வந்த அந்த மேனேஜருக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்தது. பதவி மறுபடியும் காலி. பேசிக் காட்டப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர், சுருட்டையும் தம்பியும். இந்த முறையும் போய்விட்டால் தன்னிடம் வேலை கற்றவனிடம் போய் லீவுக்குக் கையெழுத்துக் கேட்க வேண்டும். அதை அவளால் தாங்க முடியாது. அப்படி ஆனால் வேலையை விட்டுவிடுவதாக, பேசிக் காட்டுவதற்கு முதல் நாள் ராத்திரி புருஷனிடம் சொன்னாள். அவன் அன்றைக்குக் கணக்குப் பேசவில்லை. "நாளைக்கு அந்தப் பார்லருக்கே போயிட்டு போ" என்று மட்டும் சொன்னான்.

போனாள். அந்தப் பெண் ஓடி வந்து, "எங்கேக்கா போனீங்க, ஆளையே காணோம்" என்று உட்கார வைத்தாள். அலசி, ஒற்றி, கிளிப் போட்டு, டிரையரைத் தட்டிவிட்டாள். சத்தம் எழுந்ததும் சுருட்டைக்கு நெஞ்சில் ஏதோ இறங்கிச் சரியானது. பேச ஆரம்பித்தாள். கண்ணாடியில் தலை ஆடியது. குரல் தானாக உயர்ந்தது. வலது பக்கம் முடிந்து இடது பக்கம் பாதியில் இருந்தபோது டிரையர் ஒரு தடவை விக்கிவிட்டு நின்றுபோனது.

"தப்பா நினைக்காதீங்க, இந்த வேலையை என்னைவிட நல்லா யாருக்கும் தெரியாது" என்ற அவள் குரல் மூன்று நாற்காலிக்கும் கேட்டது.

"நான் எங்கேக்கா தப்பா நினைச்சேன்?" என்றாள் அந்தப் பெண், ரொம்ப இயல்பாக.

சுருட்டை கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "உனக்குக் கேக்குமா?"

"கேக்காதுக்கா. டிரையர் ஓடும்போது யாரு பேச்சு கேக்குது? வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவோம். சூடா இருக்கு, போதும், முன்னாடி வெட்டாத, இதெல்லாம் அப்படித்தான்."

"நான் பேசுனதெல்லாமா?"

"எல்லாம் புரியாது. நீங்க வேகமா பேசுவீங்க. தப்பா நினைக்காதீங்கன்னு மட்டும் நல்லாத் தெரியும். அதைத்தான அடிக்கடி சொல்வீங்க." அவள் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபடி சொன்னாள். "என்னைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன்."

"உன்னை எதுக்கு நான்..."

"டிப்ஸ் வைக்க மாட்டீங்கல்ல, அதுக்குத்தான் இவ்வளவு வருத்தப்படுறீங்கன்னு பக்கத்துச் சேர்ல நிக்கிற பொண்ணு சொன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுதான் பரவால்லக்கா, பரவால்லக்கான்னு தலையாட்டுவேன்."

அடுத்த நாற்காலியில் வேலையாக இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். சுருட்டைக்கு முகம் கொதித்தது. அவ்வளவு நாளும் தன் பேச்சுக்கு ஆமாம் போடுகிறது என்று நம்பிய தலை, தன்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அவ்வளவு தடவையா சொல்வேன்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வாயைத் திறந்தா அதுதான்க்கா முதல்ல" என்றாள் அந்தப் பெண். வேறொரு டிரையரை எடுத்துவந்து மீதிப் பக்கத்தை முடித்துக் கொடுத்தாள். சுருட்டை அந்த நேரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது டிப்ஸ் வைக்கப் போனாள், அந்தப் பெண் வாங்க மறுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

ஆபீஸில் டைரக்டர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், பக்கத்தில் மாற்றலாகிப் போகிற மேனேஜர். தம்பி பேசிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தான், "ஈஸிதான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். சுருட்டை உள்ளே போய் உட்கார்ந்தாள். ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஒருவர் முகமும் அசையவில்லை. அவள் வாயைத் திறந்தாள், எத்தனையோ வருஷப் பழக்கம், "தப்பா" என்று வந்துவிட்டது. வந்ததும் காதில் விழுந்தது. நிறுத்திக்கொண்டாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்ட சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது, எதையாவது சொல்லி முடித்தாக வேண்டும்.

"தப்பா முடிவெடுத்துட்டீங்க, போன தடவை" என்றாள். "இந்த வேலையை எனக்குத்தான் குடுத்திருக்கணும். ஏன்னு சொல்றேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். டைரக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுருட்டை சொன்னாள். சின்ன க்ளெய்ம்கள் எப்படித் தேங்கின, எந்தக் கடைக்காரர்கள் போனார்கள், ஆள் அனுப்பிப் பார்க்காமலே எதையெல்லாம் முடித்துக் கொடுத்திருக்கலாம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாள். ஒரு இடத்திலும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெளியே வந்தாள். கெட்டது குடி என்று நினைத்தாள்.

சாயங்காலம் புருஷன் காப்பியை நீட்டி, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ ப்ளோ ட்ரைக்குப் பிரயோஜனம் இருக்கா இல்லையா?" என்றான்.

"முடிக்குக் குடுத்த காசு தண்டம். அதை ஒத்துக்குறேன்" என்றாள். "உக்காந்து பேச ஒரு இடம் கிடைச்சுதுல்ல, அதுக்குக் குடுத்தது தண்டம் இல்ல. இந்த வீட்ல அது கிடைச்சிருந்தா நான் ஏன் பார்லருக்குப் போறேன்?"

அவனுக்குச் சுருக்கென்றது. காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் மேனேஜர் அவள் மேஜைக்கு வந்து நின்றார். அவராக எழுந்து யார் மேஜைக்கும் வந்ததில்லை. பக்கத்து மேஜைகளில் எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

"என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே சொல்லிட்டீங்களே மேடம்."

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பார்வையை இறக்கவில்லை.

"தப்பா நினைச்சுக்கோங்க சார்" என்றாள்.



"நான் நினைச்சுக்கிட்டேன்" என்றார். "டைரக்டருங்க ரெண்டு பேரும் நினைக்கல. என் ரூம் சாவியை எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?"