அக்காவின் கல்யாணப் படங்களும் என் கறுப்புத் திரையும்

இன்று காலை என் மடிக்கணினியில் விண்டோஸைச் சுருக்கி, ஏற்கனவே அதில் இருக்கும் லினக்ஸுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கினேன். மறுபடி திறந்தால் கறுப்புத் திரை. ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற ஒரே வரி. கணினியை எழுப்பும் ‘கிரப்’ நிரல் தடுமாறினால் வருவது அது.

அதே கணினியில்தான், கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் அக்கா, பாரிட் புந்தாரில் எடுத்த கல்யாணப் படங்களை வைத்திருந்தாள். கேமரா கார்டையும் அழித்துவிட்டாள். மணப்பெண் மதியம் படம் பார்க்க வருகிறாள்.

“என்னடி, எல்லாம் போச்சா? ஹாபிஸா?”

“இருக்கும்க்கா. கொஞ்சம் பொறு, சாபார் லா.”

அவள் ஜெலாப்பாங்கில் உள்ள கணினிக் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

“எல்லாத்தயும் அழிச்சிட்டு ஃபார்மட் பண்ணிருவோம் லா,” என்றார் அவர்.

அக்கா போனை வைத்தாள்.

பென்டிரைவில் வைத்திருந்த லினக்ஸைக் கொண்டு கணினியைத் திறந்தேன். படங்கள் அப்படியே இருந்தன! டிஸ்க்கின் நடுவில் கிடந்த ஒரு காலிப் பாகத்தைக் காலையில் நான் நீக்கியதில் மற்ற பாகங்களின் எண்கள் மாறிவிட்டன. கிரப் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தது.

முதலில் படங்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்தேன். பிறகு கிரப்பை மீண்டும் நிறுவினேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் எழுந்துவிட்டன.

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். “இனிமே இதத் தொட்ட, பாத்துக்க.”

விண்டோஸைச் சுருக்கியதோடு சரி, அந்த இடத்தில் லினக்ஸை நான் இன்னும் பெரிதாக்கவே இல்லை. இதை அவளிடம் யாராவது வந்து சொல்லுங்களேன்.