சரகோசாவில் மாமா வாகனம் மறித்த விதம்

வாகனத்தை நிற்பாட்ட என் மாமாவுக்கு ஒரே வழிதான் தெரியும். வலது கையை வீதிக்கு நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, மெல்ல மேலும் கீழும் ஆட்டுவார். யாழ்ப்பாணத்தில் பழகிய கை. பிறகு நாங்கள் குடிவந்த லூயிஷாமில் பஸ்கள்கூட அதற்கு மரியாதை கொடுத்தன. ஸ்பெயின்தான் கொடுக்கவில்லை.

எனக்கு எட்டு வயது. விடுமுறையில் ஸ்பெயினின் சரகோசாவில் இருந்த சிநேகிதரைப் பார்க்கப் போனவர் என்னையும் கூட்டிப்போனார். திரும்புகிற அன்று, மாமா இரண்டாம் தரம் புட்டுப் போட்டுச் சாப்பிட்டு முடிக்க, பார்சிலோனா பஸ் போய்விட்டது. றெயிலும் இல்லை, வேலைநிறுத்தம். இரவு ஒன்பதுக்குப் பார்சிலோனாவில் விமானம். நள்ளிரவோடு மாமாவின் ஸ்பெயின் விசா முடிகிறது. விசா என்பது பால் போத்தல் மாதிரி, திகதி தாண்டினால் புளிக்கும் என்பது என் விளக்கம். மாமா புளித்துப்போனால் நான் ஸ்பெயின்காரனாக வளரவேண்டியதுதான்.

ஆரையாவது மறித்து ஏறுவோம் என்றார் மாமா. முதலில் பிடித்த இடம் பஸ் தரிப்பு. அங்கே பஸ்தான் நின்றது, அதுவும் ஊருக்குள் சுற்றுகிற பஸ். அடுத்தது ஒரு சுற்றுவட்டம். மாமா கையை ஆட்டினார். வந்த கார் எல்லாம் வேகத்தைக் குறைத்தது. ஓட்டினவர்கள் நன்றியோடு கையசைத்துவிட்டுப் போனார்கள்.

"ஏன் மாமா தாங்ஸ் சொல்லிப்போட்டுப் போறாங்கள்?"

"நல்ல சனமடா."

அந்தக் கையாட்டலுக்கு அங்கே 'மெல்லப் போ, முன்னுக்குப் பொலிஸ் நிக்குது' என்று பொருளாம். பல வருடம் கழித்து ஒரு ஸ்பானியர் சொன்னார். இரண்டு மணித்தியாலம் நாங்கள் ஊர் முழுவதையும் எச்சரித்திருக்கிறோம்.

கடைசியில் நடந்து, நெடுஞ்சாலை தொடங்குகிற பெற்றோல் ஷெட்டுக்கு வந்தோம். நான் பயப்படவில்லை. கண்ணும் மூக்கும் தாமாகவே ஒழுகின, கூடவே ஒரு ஊளைச் சத்தமும் வந்தது, அவ்வளவுதான்.

"அழாதையடா! அழுற பிள்ளையை ஆர் ஏத்துவான்?" மாமா அதட்டிவிட்டுக் கையை ஆட்டினார். ஒரு கார் நின்றது. எங்கள் கைக்கு நின்ற முதல் வாகனம். பாய்ந்துபோய்க் கதவைத் திறக்கப் பார்த்தேன். அது பொலிஸ் கார்.

பொலிஸ்காரர் இறங்கினார். அவர் ஒன்றும் கேட்கமுதலே மாமா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். அப்படியே நின்றபடி என்னிடம், "இப்ப அழடா மருமோன்," என்றார்.

இவ்வளவு நேரமும் அழாதே என்றவர்! மருமகனான நான் முக்கிப் பார்த்தேன், மூச்சை அடக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. வெட்கத்தில் சிரிப்புத்தான் வந்தது.

அப்போது மாமா அழத் தொடங்கினார்.

பொலிஸ்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பார்சிலோனா, ஏரோப்பிளேன்," என்றேன். அவர் மாமாவின் கைகளை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, வீதிக்குப் போய் ஒரு லொறியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். பாஸ்போர்ட்டைக் கேட்கவே இல்லை.

ஏழு மணிக்குப் போய்விடலாம் என்று லொறிக்காரர் விரலால் காட்டினார். மாமா இன்னமும் விம்மிக்கொண்டிருந்தார். எப்படி அழவேண்டும் என்று எனக்குக் காட்டித்தருகிறார் என்றே நினைத்தேன். நன்றாகத்தான் செய்தார். ஆனாலும் இவ்வளவு தேவையில்லை என்று பட்டதால், அவர் தொடையில் தட்டிச் சொன்னேன்:

"காணும் மாமா, பொலிஸ் போயிட்டுது."