பஷீர் பாய் வராத ஃபைனல்

போரிக் பவுடரைக் கேரம் போர்டின் மேல் தூவி உள்ளங்கையால் ஒருமுறை வழித்தால் கையில் ஏறுகிற அந்த வழுவழுப்பு, எங்கள் ஊரில் வேறு எந்தப் பொருளுக்கும் கிடையாது. ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் இருந்த எங்கள் தெருவில் கையில் படுகிற எல்லாமே ஒன்று பிசுபிசுக்கும், இல்லையென்றால் அரிக்கும். ஆண்கள் பெரும்பாலும் "தோல் ஷாப்பு" என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் கம்பெனிக்கும், பெண்கள் ஷூ கம்பெனிக்கும் போனார்கள். பொங்கல் லீவில் அந்தத் தோல் ஷாப்பின் காயப்போடும் கொட்டகை காலியாகும். தோல்களைக் கழற்றிவிட்டுத் தரையைக் கழுவி, சாயப் பீப்பாய்களை நிமிர்த்தி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு போர்டை வைத்து, அட்டையால் தொப்பி போட்ட பல்பு ஒன்றைத் தலைக்கு மேல் தொங்கவிட்டால் கேரம் போட்டி தயார். பேர்ணாம்பட்டு, வாணியம்பாடியிலிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வருவார்கள். ஒரு மூலையில் ஆற்காட்டுக்காரர்கள் இரண்டு பேர் செஸ் பலகையை விரித்துக்கொண்டு, வந்ததிலிருந்து போகும்வரை யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆடியவர்கள் கம்பெனியின் செக்‌ஷன்காரர்கள். கப்பும் டீயும் மைக் செட்டும் கம்பெனி செலவு. அதனால் ஃபைனலுக்கு எந்த செக்‌ஷன் வந்தாலும் கடைசி போர்டில் ஆபீஸ் ஸ்டாஃப் டீம்தான் ஜெயிக்கும். அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. தொழிலாளி கடைசிக் காயைக் குறிபார்ப்பார், விரல் லேசாக இழுக்கும், காய் பாக்கெட் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும், அவர் "ச்சே" என்று தொடையில் அடித்துக்கொள்வார், எதிர் டீம் முடிக்கும், எல்லாரும் கை தட்டுவார்கள். எங்கள் தெருவில் இதற்கு "மருவாதி ஷாட்" என்று பெயர். பெரியவர்கள் இதை ஆடுகளத்துக் கிண்டலாகத்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகள் யாரும் போட்டியில் ஆடியதில்லை என்பதால் எங்களுக்கு அதன் அர்த்தத்தை யாரும் சொன்னதில்லை.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவின் கைகள் முதல்முறையாக ஆறியிருந்தன. அதற்கு முன் அவர் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தார். முடி கழற்றுவதற்காகத் தோல்களை ஊறப்போடும் இடம் அது. எத்தனை கையுறை போட்டாலும் சுண்ணாம்பு உள்ளே இறங்கிவிடும். விரல் முனைகள் வெடித்து, சோற்றில் ரசத்தை ஊற்றினால் அவர் கையை உதறுவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். பல வருஷம் கேட்டுக் கேட்டு, தோலை அளந்து முத்திரை குத்தும் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். உலர்ந்த வேலை. "இங்கியே ரிட்டையர் ஆனா போதும்" என்பது அப்பாவின் அன்றாடப் பேச்சாக இருந்தது. விரல் ஆறியதும் அவர் செய்த முதல் காரியம் ஒரு பழைய போர்டை வாங்கி வந்ததுதான். அவரும் அவருடைய தோஸ்த் பஷீர் பாயும் சாயங்காலங்களில் ஆடுவார்கள், ஆள் குறைந்தால் நான் உட்காருவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் அம்மாவுக்கு இது பிடிக்காது. "படிக்கிற புள்ளைய காய் தட்ட விடாத" என்பாள். நான் இரண்டையும் நன்றாகவே செய்தேன்.

அந்தப் பொங்கலில் அப்பாவும் பஷீர் பாயும் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். மறுநாள் காலை பாய்க்குக் குளிர் ஜுரம், எழுந்து நிற்க முடியவில்லை என்று தகவல் வந்தது. அப்பா என்னைக் கிளம்பச் சொன்னார். என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னாத்த?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"ஃபைனல் வரிக்கும் நாங்க எங்க வரப் போறோம். ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்துடுவோம், உடு."

கொட்டகையில் என்னைப் பார்த்ததும் சிரிப்பு எழுந்தது. "இன்னாபா, பாய்க்கு பதிலா பாப்பாவா? ஸ்டூல் போடணுமா, மடியில ஒக்கார வெச்சிக்கிறியா?" என்று ஒருவர் கேட்டார். அப்பாவுடைய சூப்பர்வைசர் மனோகரன் சார்தான் கை காட்டி அடக்கினார். "ஆடட்டும்பா. கொழந்த ஆசப்படுது. நமக்கு இன்னா நஷ்டம்?" என்றார். கரும்பலகையில் ஆடுகிறவர் பெயரை எழுத வேண்டும். அப்பா சாக்பீஸை என்னிடம் கொடுத்தார். அவர் பெயரையும் என் பெயரையும் நான் எழுதினேன். அத்தனை பேர் நடுவில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் எழுதியது அதுதான் முதல்முறை.

அரையிறுதியில் ஜெயித்தோம். சாயத் தொட்டிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே கோட்டைவிட்டார்கள். ஃபைனலுக்கு முன் டீ குடிக்க நேரம் இருந்தது. அப்பா என்னிடம் சொல்லியிருக்கலாம். கண்ணாடி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நான் போட்ட ஒரு கட் ஷாட்டை டீக்கடைக்காரருக்கு விரலால் மேசையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். "புள்ள எப்டி அடிச்சா தெரியுமா?" என்று இரண்டுமுறை சொன்னார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தோற்க வேண்டும் என்று அந்த வாயால் என்னிடம் சொல்ல அவரால் முடியவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஃபைனலில் எதிரே மனோகரன் சாரும் ஆபீஸ் அக்கவுண்டன்டும். கடைசி போர்டில் ரெட் என்கிற சிவப்புக் காயை நாங்கள் எடுத்து, அதை உறுதிசெய்ய அடுத்துப் போட வேண்டிய ஃபாலோவையும் போட்டுவிட்டோம். எங்களுக்கு ஒரு காய் மிச்சம், அவர்களுக்கும் ஒன்று. அப்பாவின் முறை. நேர் ஷாட். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். அவர் விரல் இழுத்தது. காய் எதிர்ப்பக்கம் ஓடி, கட்டையில் பட்டு, என் வலப்பக்கத்துப் பாக்கெட்டின் வாயில் வந்து நின்றுவிட்டது. அப்பா தொடையில் அடித்துக்கொண்டார். அடுத்து மனோகரன் சார். நேராக அடித்தாலே விழும் காய். கூட்டம் பார்க்கட்டும் என்று அவர் பின்கட்டையில் அடித்துத் திருப்பி எடுக்கப் பார்த்தார். தவறினாலும் நாங்கள் விட்டுக்கொடுத்துவிடுவோம் என்கிற நிம்மதி அவருக்கு. தவறியது. சிரித்துக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தார்.

என் முறை. அப்பா என்னையே பார்த்தார். "மெதுவா, கண்ணு. அவசரமில்ல" என்றார். நான் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டேன். மெதுவாகவே தட்டினேன். காய் விழுந்தது.

பின்வரிசையில் யாரோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்து, தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்திக்கொண்டார். பஷீர் பாய் அங்கே இருந்திருந்தால் அந்தக் காய் விழுந்திருக்காது. மனோகரன் சார் என் தலையைத் தட்டி, "கெட்டிக்காரிடா உம் பொண்ணு" என்று அப்பாவிடம் சொன்னார். வழியெல்லாம் கப்பை நான் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன், அப்பா "எறக்கு, எறக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் அம்மா அதை வாங்கி, வருகிறவர்கள் கண்ணில் படாதபடி பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த வாரமே அப்பா சுண்ணாம்புத் தொட்டிக்குத் திரும்பிப் போனார். "அங்க ஆள் கம்மியா கீதாம்" என்று மட்டும் சொன்னார். கம்பெனியிலும் யாரும் வேறு காரணம் சொல்லவில்லை. சித்திரைக்குள் விரல்கள் பழையபடி வெடித்துவிட்டன. ஸ்ட்ரைக்கரை நகத்தில் வைத்தாலே ரத்தம் கசிந்தது. போர்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தார், மழைக்காலத்தில் அது நடுவில் உப்பிப் போனது. அடுத்த பொங்கலில் கம்பெனி ஆட்கள் மட்டும்தான் ஆடலாம், மாற்று ஆள் கிடையாது என்று மைக்கில் சொன்னார்கள். நான் தப்பு செய்ததாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வாயில் நின்ற காயைப் போட்டேன். அதற்குத் தண்டனை கொடுத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

இப்போது எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் வாரம் ஒருவராவது அந்தப் போட்டிகளை நினைத்து உருகுகிறார். தொழிலாளி, முதலாளி என்று பார்க்காமல் ஒரே போர்டைச் சுற்றி உட்கார்ந்த காலமாம் அது. கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது. கொட்டகை இருந்த இடத்தில் ஏசி கல்யாண மண்டபம். பையன்கள் கேரத்தைப் போனில் ஆடுகிறார்கள், அதில் பவுடரும் இல்லை, சத்தமும் பொய்ச் சத்தம். போன தை மாதம் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். நான் காட்பாடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துவதை அப்பா யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கைத்தடி ஊன்றிக்கொண்டு மனோகரன் சார் வந்தார்.

"இந்தப் பொண்ணுதான, அன்னிக்கி கப்பு வாங்குனது? பாவம், கொழந்தன்னு நாந்தான் அந்தக் காய விட்டுக் குடுத்தேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்ல சார். நாங்க ஜெயிச்சோம்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஆமாங்க சார், நீங்கதான் பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்தீங்க. இவளுக்கு அதெல்லாம் ஞாபகமில்ல." தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நின்றார். அவரை வேலைக்கு வைத்திருந்த கம்பெனியே இல்லை, மனோகரன் சாரால் இனி அவரை எங்கும் மாற்ற முடியாது. ஆனாலும் நின்றார்.

திரும்பும்போது ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தார். மாதனூரைத் தாண்டினோம். அப்புறம் கேட்டேன். "ஏம்பா அப்டி சொன்ன?"

"வயசான மனுஷன். ஏதோ சொல்லிட்டுப் போறாரு."

"அந்தக் காய நான் போட்டேம்பா."

"நீதான் போட்ட. எனுக்குத் தெரியும்ல. அது போதாதா உனுக்கு?"

போதாதுப்பா என்றேன். காற்றில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, திரும்பிப் பார்த்து இன்னொருமுறை சொன்னேன்.