தருமரு பின்னால ஒரு நாயி

நைனாவுக்கு இனிமே பார்வை வராதுன்னு திருப்பதி கண்ணாஸ்பத்திரில சொல்லிட்டாங்க. கையப் புடிச்சிக்கினு வெளிய வந்தா, செவுத்துல ஒரு படம். தருமரு சொர்க்கத்துக்கு ஏறிப் போறாரு, பின்னாலயே ஒரு நாயி.

எங்க ஊரு தருமராஜா கோயிலுக்குள்ளயும் இப்படி ஒரு படம் இருந்துச்சாம். எங்க ஆளுங்கள உள்ள உட மாட்டாங்க. பாரதத் திருவிழா நடக்கசொல்ல, சாம்பிராணி வாசனை வர்ற தூரத்துல வேப்பமரத்தாண்ட நிப்போம். எங்க நாயி மணி மட்டும் சல்லுனு உள்ள பூந்து பொங்கல் துன்னுட்டு வரும்.

"இன்னாடா மணி, தருமரு எப்படி கீறாரு?"ன்னு நைனா கேப்பாரு. அது வாய நக்கும். பள்ளிக்கூடத்துலதான் நான் கடைசின்னு பாத்தா, சாமி பாக்கறதுலயும் நாயிக்கு அப்புறந்தான் நானு.

"நாய உடலன்னா எனக்கும் சொர்க்கம் வாணாம்னாருடா தருமரு. சாவறதுக்குள்ள அந்தப் படத்த ஒருவாட்டி பாத்துடணும்"னு நைனா சொல்லிக்கினே இருப்பாரு.

இப்ப அவரு கைய எடுத்து படத்துமேல வெச்சேன். "நைனா, இதான் தருமரு. இது நாயி."

வெரலால தடவுனாரு. "மணி மாதிரியா கீது?"

"ஏய், முட்டொத்து! தொடாத, படத்துமேல கை வெக்காத!"ன்னு வாட்ச்மேன் தெலுங்கும் தமிழுமா கத்துனான்.

நைனா வெடுக்குனு கைய இழுத்துக்கினாரு. கொரலு வந்த பக்கம் திரும்பி கும்புட்டாரு.

"தெரியாம தொட்டுட்டேன் சாமி."