சாமிகிட்டேருந்து திரும்பி வந்த நகல்

லாரி டயரை நெம்பிக் கழட்டி டியூப்பை உருவுற பொம்பளையை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பாடாலூர் ரோட்டோரத்துல செங்கமலம் அதைத்தான் செஞ்சா. டிரைவருங்க முதல்ல சிரிப்பானுங்க, அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டு டீ குடிக்கப் போவானுங்க. அவ அப்பன் ஆத்தா அடுத்தவன் வயல்ல கூலிக்கு நாத்து நட்டவங்க. இவ புருசன் கருப்பண்ணனோட சேந்து சொந்தமா பஞ்சர் கடை போட்டா. காத்தடிக்கிற கம்ப்ரசர் வாங்க வூட்டை அடமானம் வெச்சதுலதான் வந்துது வினை. திருப்பிக் கட்டுனதுக்கு ரசீது வாங்காத புத்திசாலி நம்ப கருப்பண்ணன்! கடன் கொடுத்த பழனிவேல் பெரம்பலூர் கோர்ட்டுல கேஸ் போட்டு, 2002 ஏப்ரல் மூணாந்தேதி வூட்டை ஏலம் விடத் தீர்ப்பு வாங்கிட்டான்.

அரியலூர் மேல்கோர்ட்டுல முப்பது நாளுக்குள்ள அப்பீல் போடணும், அதுக்குத் தீர்ப்பு நகல் வேணும்னு வக்கீல் செல்லதுரை அன்னைக்கே சொன்னார். மறுநாளே மனு கொடுத்தாங்க. கோர்ட்டு ஆடி அசைஞ்சு ஏப்ரல் முப்பது சாயங்காலம் நகலைக் கொடுத்துது. தூக்கிக்கிட்டு ஓடினா, கோடை லீவுக்கு வக்கீல் ஆபீசைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருந்தார். மே மூணு வந்துது, போச்சு. முப்பது நாளும் முடிஞ்சுது, இனி அப்பீலே இல்லைன்னு செங்கமலம் நெனச்சுக்கிட்டா. அந்தப் பழனிவேல் வேற ஆளோட வந்து வூட்டைச் சுத்தி டேப் புடிச்சு அளந்துட்டுப் போனான்.

ஜூன் ரெண்டு, ஞாயித்துக்கிழமை. ஊர்லேருந்து திரும்பிட்டிருந்த வக்கீலோட பைக் டயர்ல ஆணி ஏறி, அவ கடை முன்னாடியே நின்னுது. அந்த ஆணி நல்லா இருக்கணும். கெடு போச்சேன்னு அவ பொலம்ப, வக்கீல் சிரிச்சுட்டார்.

"நகலுக்கு மனு போட்ட நாள்லேருந்து அது தயாரான நாள் வரைக்கும் இருபத்தேழு நாள். அது கோர்ட்டு எடுத்துக்கிட்ட நாளும்மா, உங்க முப்பதுல சேராது. அப்படிப் பாத்தா கெடு மே முப்பது. அன்னைக்குக் கோர்ட்டுக்கே கோடை லீவு. அதனால நாளைக்குத் திறக்குறப்ப போட்டாச் செல்லும், நாளைய விட்டாச் செல்லாது. நகல் எங்க?"

செங்கமலம் புருசனைப் பாத்தா. அவன் தரையைப் பாத்தான். மனுசக் கோர்ட்டு கைவிட்டுடுச்சுன்னு அவன் விருத்தாசலம் போயி, கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டு வந்திருந்தான். நியாயம் கெடைக்காதவங்க அந்த முருகனுக்கு மனு எழுதிக் கட்டுறது நம்ப பக்கத்து வழக்கம்தான். ஆனா இவன் ஆதாரத்துக்குன்னு கோர்ட்டு நகலையும் சேத்துக் கட்டியிருக்கான்! சாமி ஆதாரமாய்யா கேட்டுது? அவ திட்டின திட்டை இங்க எழுத முடியாது.

மறுநாள் முத பஸ்ஸுக்கே ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. கட்டின பிராதை அவுக்கக் கூடாதுன்னு பூசாரி ஒத்தக்கால்ல நின்னார்.

"மனு அப்படியே கெடக்கட்டும்ங்க," ன்னா செங்கமலம். "நகலை மட்டும் கொடுங்க. முருகனுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிடறேன்."

பூசாரிக்கே சிரிப்பு வந்துடுச்சு. அத்தனை காகிதத்துக்குள்ள தேடி எடுத்து, சொன்ன மாதிரி ஜெராக்ஸும் கட்டிட்டு, செந்துறை வழியா அரியலூர்ல எறங்கறப்ப மணி நாலு. வக்கீல் அப்பீல் கட்டோட கோர்ட்டு வாசல்லயே நின்னார். நகல்ல ஒட்டியிருந்த குங்குமத்தைப் பாத்து கிளார்க் மூஞ்சியைச் சுளிச்சார். நகலோட பின்பக்கத் தேதிகளை வெரல் வுட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார். அப்புறம் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஓங்கி ஒரு குத்து. அப்பீல் ஏறிடுச்சு.

ஏலத்துக்குத் தடை வாங்கினதும், நாலு வருசம் கழிச்சு ராஜியாகி வூடு அவங்களுக்கே நின்னதும் பின்னால நடந்தது. அன்னைக்கு வெளிய வந்தா, உள்ள வரப் பயந்துக்கிட்டு கருப்பண்ணன் வேப்ப மரத்தடியில குந்தியிருந்தான். இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் போனா. ஒரு மாசமா அந்த மனுசன் சொந்த வூட்டுலயே விருந்தாளி மாதிரி ஓரமாப் படுத்துக் கெடந்தது நெனப்பு வந்து, அழுகை முட்டிக்கிட்டு வந்துது.

"எந்திரிங்க," ன்னா. "நம்ப வூட்டுக்குப் போவலாம்."