உப்புக் குவியலின் நிழல்

இல்லை, பனியை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் உப்பளத்துக்குப் போனேன்.

எழுபத்தாறு ஏப்ரல். பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் நிலக்காட்சி ஓவியம் ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பனி மூடிய வயல், இரண்டு வைக்கோல் போர்கள், அவற்றின் நீல நிழல். என்னிடம் இருந்தது தபால் அட்டை அளவில் ஓர் அச்சுப் பிரதி. அந்த நிழலைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: 'பார்த்ததா, படித்ததா?' படித்ததுதான். இந்த அத்தியாயம் தேறாவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, நாசரேத்தில் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்வதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலியில் அதிகாலை நாலரைக்குப் பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் ரூபாய். தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் இருக்கும் புதுக்கோட்டைவரை நின்றுகொண்டே வந்தேன். தூத்துக்குடியில் இறங்கி, திருச்செந்தூர் சாலையில் இன்னொரு பஸ், எட்டு கிலோமீட்டர். ஆறே முக்காலுக்கு உப்பளம். எங்கும் வெள்ளை. தூரத்தில் துறைமுகக் கிரேன்கள். ஒரு குவியலின் நிழலை அரைமணி நேரம் பார்த்தேன். சாம்பல் நிறம்.

உப்பு வாரிக்கொண்டிருந்த முத்துக்கனிக்கு என் வயதுதான் இருக்கும். என் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தாள்.

"எந்த அளத்து உப்பு இது? ஓலை போட்டு மூடாம விட்டிருக்கான். ஒரு மழைக்குத் தாங்குமா?"

"மொதலாளி உறங்குதான் போல," என்றாள் பக்கத்தில் வாரிக்கொண்டிருந்த அவள் மதினி.

அது உப்பில்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. "நிழல் நீலமா இருக்கே, சரியா?" என்றேன்.

"நெழலு நீலந்தான?" என்றாள் முத்துக்கனி.

"எனக்குத் தெரியலியே."

"கையக் கட்டிட்டு நின்னா எங்கன தெரியும்? இந்தா, பலகையப் பிடி."

"ஏளா, படிச்ச பிள்ள கையக் கெடுக்காத," என்று மதினி சிரித்தாள்.

அவர்களைப் போலவே முந்தானையைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வாரினேன். நாற்பது தடவை இருக்கும். பாத்தித் தண்ணீர் கணுக்காலை அரித்தது. வெள்ளை கண்ணுக்குள் இறங்கிக் குத்தியது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர்கள் இருவரும் கண்ணை ஆற்றக் குவியலின் நிழல் பக்கம் திரும்புவார்கள். இனி முடியாது என்று ஆனபோது நானும் திரும்பினேன்.

நீலம். ஓரத்தில் கத்தரிப்பூ நிறம்.

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வரைந்தவன் அந்த வெண்மையில் வெகுநேரம் நின்றிருக்கிறான். கண் சலித்திருக்கிறது. என் ஒன்பது பக்கத்தில் ஒளியைப் பற்றி எல்லாம் இருந்தது. சலிப்பு இல்லை.

அந்த நீலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் நிழல் சுருங்கிவிடும். கங்காணியிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே இருப்பது அவர்கள் சுமந்து வந்தது. காலில் வெடிப்பு இருந்தால் வரப்போடு நின்றுகொள்ளலாம். சாம்பல் நிறம்தான் தெரியும்.

பத்தரைக்குத் தூத்துக்குடி திரும்பினேன். தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கி, பள்ளிக்கூடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்படி அப்பாவுக்கு எழுதிப் போட்டேன்.